பெக்லியெனைத் தேடி வந்தவர்

என் தேநீர்க்கடைக்கு வருகிறவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் எதிர் மலைச்சரிவைக் காட்டி, அந்தக் குட்டிக் குட்டி வீடுகள் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்பார்கள். கிடைக்கும், உள்ளே போனால் மட்டும் திரும்பி வர முடியாது என்பேன். அவையெல்லாம் கல்லறைகள். கடலைப் பார்த்த வாசல், வர்ணம் பூசிய சுவர், மேலே ஓடு என்று எங்கள் ஜியூஃபென் மலையூரில் செத்தவர்களுக்குத்தான் நல்ல வசதி. உயிரோடு இருப்பவர்களுக்கு மழையும் படிக்கட்டும்.

இதைச் சொல்லிச் சிரிக்கவைத்து நான் நல்ல பேர் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வசனம் என்னுடையதல்ல, பெக்லியென் அக்காவுடையது. படிச்சந்தின் அந்தப் பக்கம் அவர்களுடைய கொழுக்கட்டைக் கடை, இந்தப் பக்கம் என் கடை. நடுவில் இரண்டு குடை எதிரெதிரே வந்தால் ஒன்று மடங்கியாக வேண்டும். முப்பது வருஷம் அவள் புருஷனைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டேதான் நான் தண்ணீர் கொதிக்கவைத்தேன்.

புருஷன் ஹோக் அண்ணன். அவருடைய அப்பா இங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், அண்ணனும் வாலிபத்தில் சில காலம் மண் தள்ளினார். சுரங்கம் மூடியதும் ஊர் காலியானது. சட்டி பானையைக் கட்டிக்கொண்டு எல்லோரும் கீழே இறங்கிய அதே நாட்களில்தான் அண்ணன் யிலான் பக்கத்திலிருந்து பெண் கட்டிக் கூட்டி வந்தார். யிலான் என்றால் வயலும் வாய்க்காலுமான சமவெளி. அங்கே வளர்ந்தவளை இந்தச் செங்குத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"ஊரே பொழப்பத் தேடி எறங்குது, நான் ஒருத்தி பட்டுத்துணி கட்டிக்கிட்டு ஏறி வந்தேன். வழியில பாத்தவன்லாம் என்னப் பாத்து சிரிச்சான். ஏன்னு மேல வந்தப்புறம்தான் தெரிஞ்சுது," என்பாள்.

ஏதோ அதிர்ஷ்டம், பல வருஷம் கழித்து ஊருக்குக் கூட்டம் வரத் தொடங்கியது. பாழடைந்த வீடெல்லாம் தேநீர்க்கடையானது, சந்தெல்லாம் தின்பண்டமானது. அவர்களும் வாசலில் அடுப்பைப் போட்டார்கள். அரிசி மாவில் காட்டுக்கீரையை அரைத்துச் சேர்த்து, காய்ந்த முள்ளங்கித் துருவலை உள்ளே வைத்து, இலையில் ஆவி கட்டி எடுக்கும் பச்சைக் கொழுக்கட்டை. மாவு பிசைவது அண்ணன், விற்பது அக்கா. அவர் கைக்கு அந்த மாவு கன்றுக்குட்டி மாதிரி அடங்கும். அவள் வாய்க்கு வாடிக்கையாளர்கள் அடங்குவார்கள். வியாபாரம் நன்றாகவே போனது.

அக்காவுக்கு ஆசை இரண்டே இரண்டு. துணி காயணும், கால் ஓயணும். இந்த ஊரில் இரண்டும் நடக்காது. மழை விட்டால் மூடுபனி, மூடுபனி விட்டால் மழை. போர்வையைப் பிழிந்தால் அரைக் குவளை தண்ணீர் வரும். தண்ணீர் பிடிக்கப் போனால் படி, குப்பை போடப் போனால் படி, கோயிலுக்குப் போனால் அதற்கு மேலேயும் படி. "எப்பங்க எறங்கலாம்?" என்று வருஷா வருஷம் கேட்பாள். "புது வருஷம் கழியட்டும்," என்பார் அண்ணன். மகன் யோங்செங் படித்து, வேலைக்குப் போய், தைபேக்குப் பக்கத்தில் பான்ச்சியாவில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் வீடு வாங்கினான். அப்போதும், "புது வருஷம் கழியட்டும்."

"நாய் ஆளச் சுத்தும், பூன வீட்டச் சுத்தும். நான் கட்டிக்கிட்டது பூனைய," என்று அக்கா என்னிடம் கத்துவாள். அவருக்குக் கேட்க வேண்டும் என்றுதான் என்னிடம் சொல்வது. அவர் மாவை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிசைவார், அவ்வளவுதான் பதில்.

கீழே கீலுங் நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது கடைசியாக அக்கா அவர் கையைப் பிடித்து, "நான் போனாலும் நீங்க கீழ எறங்கணும். என்னையும் கூட்டிட்டுப் போகணும். சத்தியமா?" என்றாள். அண்ணன் சத்தியம் செய்தார். நான் காலடியில் நின்றிருந்தேன், என் காதால் கேட்டேன்.

சத்தியம் செய்தவர் இரண்டு வருஷம் நகரவில்லை. இப்போது புது வருஷம் இல்லை, "மழை விடட்டும்." எங்கள் ஊரில் மழை விட்டு இறங்குவதும் அலை ஓய்ந்து கடலில் குளிப்பதும் ஒன்று. மகன் வந்து வந்து கெஞ்சினான். கடைசியில் மாவு மூட்டையோடு படியில் சறுக்கிக் கணுக்காலைப் பெயர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு யோங்செங் கேட்கவில்லை, காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். வீடு மாறினால் செத்தவர்களும் கூடவே வர வேண்டும். பெயர் எழுதிய மரப்பலகையையும் ஊதுபத்திச் சாம்பலையும் கூடையில் வைத்து, மேலே கறுப்புக்குடை பிடித்து எடுத்துப் போவோம். பாவம், அவர்களுக்குப் புது வழி தெரியாது. பாலம் வந்தால் பாலம் என்று சொல்ல வேண்டும், வளைவு வந்தால் வளைவு என்று, குகைவழி வந்தால் குகைவழி என்று. சொல்லாமல் விட்டால் அந்த இடத்திலேயே திகைத்து நின்றுவிடுவார்கள். போய் இறங்கியதும் இரண்டு நாணயத்தைத் தரையில் விட்டு, வந்துட்டியா என்று கேட்க வேண்டும். ஒன்று தலை, ஒன்று பூ என்று விழுந்தால் ஆமாம். இரண்டும் ஒன்றுபோல விழுந்தால் இல்லை. மூன்று முறை தொடர்ந்து ஆமாம் விழுந்தால் சந்தேகமே கிடையாது.

அன்றைக்குக் குடை பிடித்தது நான். படியில் இறங்க இறங்க அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார். "பெக்லியென், படி எறங்குறோம், பாத்து வா. பாசி இருக்கு. முட்டி வலிக்குதுன்னு அங்கயே உக்காந்துடாத, இதுதான் கடைசிப் படி, இனிமே படியே இல்ல." எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. கார் கிளம்பி முதல் வளைவில் மறைந்தது. நான் மேலே வந்து எதிர்க் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தேன். அன்று என் கடையில் நல்ல கூட்டம், ஆனால் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன்.

பத்து நாள் ஆகியிருக்காது. கொட்டுகிற மழையில் கெந்திக் கெந்தி ஏறி வந்து ஒருவர் குடையை உதறினார். பார்த்தால் ஹோக் அண்ணன்.

"என்னண்ணே, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"ஆமா. பெக்லியென விட்டுட்டுப் போயிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினேன். போன அன்றே காசு போட்டுப் பார்த்தாராம். இல்லை என்று விழுந்ததாம். மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை.

"வழியில எங்கயாவது கூப்பிடாம விட்டீங்களாண்ணே? நல்லா நெனச்சுப் பாருங்க."

"எல்லா எடத்துலயும் கூப்பிட்டேம்மா. லிஃப்டுல கூட, மேல போறோம்னு சொன்னேன். குகைவழியிலதான்... யோங்செங்குக்கு ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. கார் பூரா அவன் மேனேஜர் சத்தம். அது முடியிறதுக்குள்ள குகையும் முடிஞ்சுபோச்சு. அங்க மெரண்டு வீட்டுக்கே திரும்பிட்டா போலருக்கு."

"இருட்டுன்னா அக்காவுக்குப் பயம்தான்," என்றேன். நம்பிவிட்டேன். கடைத்தெருவே நம்பியது. மீன் உருண்டை விற்பவள், "இந்த போன வெச்சுக்கிட்டு உசுரோட இருக்கறவனே வழி தவறுறான், அவ என்ன செய்வா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவளைத் தேட வேண்டும் என்று அண்ணன் பழைய வீட்டைத் திறந்தார். அவள் வந்தால் வாசனை தெரிய வேண்டும் என்று அடுப்பைப் பற்றவைத்தார். அடுப்பு பற்றியபின் சும்மா இருக்குமா? மாவு பிசைந்தார். பிசைந்தது மிஞ்சியது, அதை விற்றார். ஒரு வாரத்தில் வாசலில் பழையபடி வரிசை நின்றது. கணுக்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. கன்னம் பூரித்து, மாவு பிசையும்போது மூக்கால் ஏதோ பாட்டு வேறு.

"பொண்டாட்டியத் தேடி வந்தவருக்கு மாவுப்பானைக்குள்ள என்னண்ணே வேல? அக்கா அதுக்குள்ளயா ஒளிஞ்சிருக்கா?"

"ஒன் வாய்க்கு அவ வாயே தேவல."

"தெனம் காசு போட்டுப் பாக்குறீங்களா?"

"பாக்குறேன், பாக்குறேன். கோவம் ஆறல போலருக்கு. மழ விடட்டும்."

அந்த 'மழ விடட்டும்' எனக்குள் எங்கேயோ இடித்தது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, ஏனென்றால் கேட்க எனக்கு மனசில்லை. காலையில் கதவைத் திறந்தால் எதிரே ஆவி பறக்கிறது, கீரை வாசனை வருகிறது, இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? நாள் முழுக்கப் பெட்டி இழுத்துக்கொண்டு படம் எடுக்க வருகிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு, திட்டுவதற்கு ஒரு தெரிந்த மனிதர் கிடைத்தார்.

குளிர்காலம் வந்தது. ஒரு விடுமுறை நாளில் யோங்செங் வந்தான். மெலிந்துபோய், கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. கையில் கறுப்புக்குடை, ஊதுபத்திக் கட்டு, அம்மாவுடைய பழைய சட்டை ஒன்று. பெரியவர் ஒருவரிடம் முறையெல்லாம் கேட்டு வந்திருக்கிறான். வழியில் குகைக்குள் காரை நிறுத்த முடியாமல் திரும்பத் திரும்ப ஓட்டி, உள்ளே போகும்போதெல்லாம் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறான்.

"ஆ-கியோக் அத்த, கொடையக் கொஞ்சம் பிடிங்க," என்றான். பிடித்தேன். கொழுக்கட்டைக் கடை வாசல் படியில் அவன் மழையிலேயே மண்டியிட்டான். அண்ணன் மாவுக் கையோடு வாசலில் நின்றார்.

"அம்மா, தப்பு என்னுதுதாம்மா," என்று ஆரம்பித்தான். "அந்தப் போன நான் எடுத்திருக்கக் கூடாது. ஒன்ன இருட்டுல விட்டுட்டேன். உயிரோட இருந்தப்பவும் நீ போன் பண்ணா வேலையா இருக்கேன்னு வெச்சிருவேன். இனிமே அப்படிப் பண்ண மாட்டேன். கோவிச்சுக்காம என்கூட வந்துடும்மா."

காசைப் போட்டான். இரண்டும் பூ. நனைந்த படியிலிருந்து பொறுக்கி, நெற்றியில் வைத்து, மறுபடி போட்டான். இரண்டும் தலை. சந்து அடைத்துக்கொண்டது. எவனோ ஒருவன் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தான்.

"ஏம்ப்பா, ஒங்க வீட்டுத் துக்கத்த நாங்க வந்து படம் பிடிச்சோமா? போவியா!" என்று நான் போட்ட சத்தத்தில் முன்னால் நின்றவர்களும் சேர்ந்து நகர்ந்தார்கள்.

மூன்றாவது முறையும் இல்லை என்று விழுந்தது. அவ்வளவு பெரிய ஆள், படியில் நெற்றியை வைத்து விம்மி விம்மி அழுதான். "மன்னிக்க மாட்டேங்கறாப்பா, அம்மா என்னை மன்னிக்கவே மாட்டேங்கறா."

அண்ணனைப் பார்த்தேன். முகம் அரிசி மாவைவிட வெளுத்திருந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"எந்திரி," என்றார். "யோங்செங், எந்திரிடா. ஒங்கம்மா இங்க இல்ல."

அவன் தலையைத் தூக்கினான்.

"அன்னைக்கே நம்மகூட வந்துட்டா. குகையில நான் கூப்பிட்டேன். ஒன் மேனேஜர் சத்தத்துக்குள்ளயே மெதுவாக் கூப்பிட்டேன். போன அன்னைக்கே, நீ கார நிறுத்தப் போயிருந்தப்ப காசு போட்டேன், மூணு தடவையும் ஆமான்னு விழுந்துச்சு. அவ வந்துட்டாடா. நான்தான் வரல."

காசு சொன்னதை மாற்றிச் சொல்வது எங்களுக்கு எவ்வளவு பெரிய பாவம் என்று எப்படிச் சொல்வேன்? கள்ளுக்கடையில் பொய் சொல்பவன்கூட அதில் பொய் சொல்ல மாட்டான். எனக்கு அவர்மேல் ஆத்திரம் பொங்கியது. யோங்செங் படியில் கிடந்த காசைப் பொறுக்கிப் பையில் போட்டான். பிறகு, "ஒரு மாசமாத் தூங்கலப்பா நான்," என்றான். அது மட்டும்தான் சொன்னான். அவன் கத்தியிருந்தால் தேவலை.

இரண்டு பேரையும் என் கடைக்குள் இழுத்து வந்தேன். ஜன்னலோர மேஜையில் உட்காரவைத்து, துணி கொடுத்துத் தலையைத் துவட்டச் சொல்லி, நல்ல தேயிலையாக எடுத்துப் போட்டேன். அந்த மேஜையில் அண்ணன் உட்கார்ந்ததே இல்லை, அது வெளியூர்க்காரர்கள் இடம். குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க என்னப்பா கொற?" என்று மகன் கேட்டான். "என் பொண்டாட்டி சமையல் பிடிக்கலயா? பிள்ளைங்க சத்தம் போடுதா?"

"ஒரு கொறையும் இல்லடா. அவ தங்கமானவ. துணி சாயங்காலத்துக்குள்ள காஞ்சு மொடமொடன்னு இருக்கு. காலுக்கு வேலையே இல்ல. ஒங்கம்மா கேட்டதெல்லாம் அங்க இருக்கு."

"அப்புறம்?"

"அவ திருப்தியாயிட்டாடா," என்றார். "அங்க அவ ஒண்ணுமே பேசுறதில்ல. பலகையப் பாத்து எவ்வளவு நேரம் உக்காந்தாலும் சத்தமே இல்ல. இங்க வந்தா ஒவ்வொரு படியிலயும் திட்டுறா. போர்வையத் தொட்டா திட்டுறா. மழ பேஞ்சா, எப்பங்க எறங்கலாம்ங்கறா. எனக்கு அது கேக்கணும்டா. காதுக்குள்ள அது இல்லாம எனக்கு முடியல."

யோங்செங் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தான். எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அக்காவின் குரல் எனக்கும் கேட்க வேண்டும் போலிருந்தது. இந்தச் சந்தில் இரண்டு வருஷமாக ஒருவர்கூட ஒழுங்காகத் திட்டவில்லை.

நான் திரும்பி வந்தபோது மகன், "அப்படின்னா இருங்கப்பா. வாரா வாரம் நான் வரேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். மனசாரத்தான் சொன்னான். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

இருந்துடுங்கண்ணே என்று என் தொண்டை வரை வந்தது. ஒரு சொல் போதும், இருந்திருப்பார். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலின் காலடியில் நின்றவள் நான். அவள் கேட்டதும் அவர் சத்தியம் செய்ததும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஆயுசு முழுக்க ஒன்றைக் கேட்டு, கடைசியில் அது கிடைத்துத் திருப்தியாக உட்கார்ந்திருக்கிறாள் ஒருத்தி. அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

"அக்கா அங்க காத்துக்கிட்டு இருப்பா," என்றேன். சொன்ன வாயைக் கிள்ளிக்கொள்ளலாம் போலிருந்தது.

அண்ணன் தலையை ஆட்டினார். எழுந்து போய் அடுப்பை அணைத்தார். வெந்த கொழுக்கட்டைகளை எடுத்து ஒரு பொட்டலம் மகனிடமும், ஒன்று என்னிடமும் கொடுத்துவிட்டு, மீதியை வரிசையில் நின்றவர்களுக்கு, "காசு வேணாம், சாப்பிடுங்க," என்று நீட்டினார். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். மழை விடவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

படி இறங்கினோம். காருக்குப் பக்கத்தில் வந்ததும் யோங்செங் கதவைத் திறந்தான். அண்ணன் ஏறவில்லை. மேலே, தார் பூசிய கூரைகள் நனைந்து மினுங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கூப்பிட்டுப் பார்த்தேன், காதில் விழவில்லை. அப்போது மகன் காரைச் சுற்றி வந்து, அம்மாவுக்காகக் கொண்டுவந்த அந்தக் குடையை விரித்து அப்பாவின் தலைக்கு மேல் பிடித்தான்.

"அப்பா," என்றான். "கார்ல ஏறுறோம். கூட வாங்க."

எனக்குப் பகீரென்றது. உயிரோடு இருக்கிறவரை இப்படியா கூப்பிடுவது? ஆனால் பயந்துபோன பிள்ளைக்கும் இதே மாதிரிதான் சட்டையை ஆட்டி, வீட்டுக்கு வா, வீட்டுக்கு வா என்று கூப்பிடுவோம். என்னையும் என் அம்மா அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். அண்ணன் மகன் முகத்தைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வரேன்டா," என்று ஏறினார்.

கார் கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தார்கள், மழை உள்ளே அடித்திருக்கும். கிளம்பியது. எங்கள் மலைப்பாதை மடங்கி மடங்கி நேர் கீழேயே இறங்குவதால் பேச்சுச் சத்தம் கொஞ்ச தூரம் மேலே வரும். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, வளைவு வருது. பாத்து வாங்க."

"வரேன், வரேன்."

அடுத்த மடிப்பில் விளக்கு தெரிந்தது. "அப்பா, இன்னொரு வளைவு."

"வரேன்டா."

அதற்கும் கீழே, மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம், மகன் கூப்பிட்டது மட்டும் கேட்டது. அண்ணன் பதில் சொன்னாரா என்று எனக்குக் கேட்கவில்லை.